ஒரு சுடர் உள்ளான்

ஒரு விடுகதை போடுகிறேன் சார், விடை சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒற்றைக் காலில் நிற்பான், ஓர் அடி தாங்க மாட்டான். இருக்கும்வரை உதவ மாட்டான், இறந்த பிறகு கொடுத்துவிட்டுப் போவான். அவன் யார்?

தீக்குச்சியா? பரவாயில்லையே, நல்ல விடைதான். ஆனால் அது இல்லை. மெழுகுவர்த்தியா? அது இருக்கும்போதே வெளிச்சம் கொடுக்கிறதே சார். சரி, நானே சொல்லிவிடுகிறேன். உப்பங்கழி உள்ளான். பறவை இல்லை, கார்டு. உள்ளே நம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்களே, அந்தக் 'கடல்கோட்டை' ஆட்டத்தில் வருகிற ஒரு கார்டு. இந்த விடுகதையும் என்னுடையதில்லை. என் மகள் சுபிக்ஷா கட்டியது. என்னிடம் போட்டபோது, 'வீண்செலவு' என்று விடை சொன்னேன். தப்பு என்றாள். எனக்கு இன்றுவரை அது சரியான விடையாகத்தான் தெரிகிறது.

இந்த நாற்காலியில் உட்காருங்கள் சார், அதற்குக் கால் ஆடும். மத்தியானம்வரை நம்மை உள்ளே விட மாட்டார்கள். கல்யாண மண்டபத்தைப் பிடித்துப் போட்டி வைத்தவர்களுக்கு, பெற்றவர்கள் உட்கார ஒரு ஃபேன் போடத் தோன்றவில்லை பாருங்கள். உங்கள் பையன் முதல் தடவை வந்திருக்கிறானா? அப்படியானால் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தெரியாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

இது சண்டை ஆட்டம். ஆளுக்கு ஒரு கட்டு கார்டு, அதிலிருந்து முறைக்கு ஒன்றுதான் கையில் எடுக்கலாம். முதல் முறை உங்களுக்கு ஒரு சுடர் கிடைக்கும், அடுத்த முறை இரண்டு, அதற்கடுத்த முறை மூன்று. அந்தச் சுடரைச் செலவழித்துத்தான் கையிலிருக்கிற மிருகத்தையோ பறவையையோ களத்தில் இறக்க வேண்டும். ஒரு சுடருக்கு வருவது பொடிசு. எட்டுச் சுடருக்கு வருவது திமிங்கிலம். எதிராளியின் கோட்டையை யார் முதலில் இடிக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம்.

இரட்டையர் ஆட்டம் என்று ஒன்று உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே கோட்டை, ஆனால் கட்டு தனித்தனி. பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். கையில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லவும் கூடாது, காட்டவும் கூடாது. நான் ஒரு தடவை இருமியதற்கு நடுவர் என்னை முறைத்தார். நிஜ இருமல் சார்.

பன்னிரண்டு வயது முடியாத பிள்ளை என்றால், பெரியவர் ஒருவரோடு சேர்ந்து இரட்டையர்தான் ஆட வேண்டும் என்பது சட்டம். அப்படித்தான் நான் இதில் வந்து மாட்டினேன். மாட்டினேன் என்கிறேனே தவிர, எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். தில்லைநகரில் தன் ஜெராக்ஸ் கடை மாடியில் பெர்னார்டு என்று ஒரு பையன் இந்த கார்டுகளை விற்கிறான், விளையாட மேசையும் போட்டிருக்கிறான். நானும் சுபியும் மதியம் சாப்பிட்ட கையோடு அங்கே போய்விடுவோம். அவள் வீட்டில் அதிகம் பேசுகிற பிள்ளை இல்லை. கேட்டால் 'ம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அந்த மேசையில் உட்கார்ந்தால் மட்டும் என் முழங்கையை இடித்துக்கொண்டு உட்காருவாள்.

போன மாதம் அவளுக்குப் பன்னிரண்டு முடிந்தது. இனிமேல் யாரோடு ஆடுவது, தனியாக ஆடுவதா என்று அவளே முடிவு செய்யலாம். இன்றைக்கு இங்கே ஜெயித்தால் சென்னை. நான் சென்னைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்தே மனதில் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். பல்லவன் ரயிலில் ஜன்னல் ஓரம் அவளுக்கு, பக்கத்தில் நான். விஷயம் அதுதான் சார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் அந்த உள்ளானைப் பார்ப்போம். அதன் விலை ஒரு சுடர். அடிக்கிற பலம் ஒன்று. உயிர் ஒன்று. யாராவது பலமாகத் தும்மினால் போய்விடும். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'இது விழும்போது உன் கூட்டாளி ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம்.' அவ்வளவுதான் அதன் சமர்த்து.

அதே ஒரு சுடருக்குச் சேற்று நண்டு வாங்கலாம். அடி ஒன்று, உயிர் மூன்று. நண்டு நிற்கும் சார். இரண்டு அடி வாங்கிக்கொண்டும் நிற்கும். ஒரே விலைக்கு இரண்டு பொருள், ஒன்று மூன்று மடங்கு தாங்குகிறது. நீங்கள் எதை எடுப்பீர்கள்? நண்டைத்தானே? எந்தப் புத்தியுள்ள மனிதனும் நண்டைத்தான் எடுப்பான். என் மகள் உள்ளானை எடுத்தாள். ஒன்றில்லை, எத்தனை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறதோ அத்தனையும்.

நான் சும்மா சொல்கிறவன் இல்லை. என் தொழிலே மதிப்புப் போடுவது. இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, பழுது பார்த்தால் தேறுமா, இல்லை மொத்த நஷ்டமா என்று எழுதிக் கொடுப்பேன். லாரியின் முகத்தைப் பார்த்தே சேஸிஸ் வளைந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் ஒரு கார்டுக்கு மதிப்புப் போட மாட்டேனா?

பெர்னார்டு கடையில் வைத்தே போட்டேன். மேசை மேல் உள்ளானையும் நண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "வா சுபி, முறைப்படி பாக்கலாம்" என்றேன்.

"பாத்தாச்சுப்பா."

"நீ பாத்தது படத்த. நான் சொல்றது மதிப்ப. இது ஓடுற நெலமையில என்ன செய்யும்? ஒரு அடி அடிக்கும். அடி வாங்கினா என்ன ஆகும்? டோட்டல் லாஸ். அப்பறம் என்ன மிஞ்சும்?"

"ஒரு கார்டு மிஞ்சும்."

"யாருக்கு மிஞ்சும்? அதச் சொல்லு."

"கூட்டாளிக்கு."

"ஆங்! அங்கதான் வரேன். சால்வேஜ்னு ஒண்ணு இருக்கு. ஒடஞ்ச வண்டியிலயும் இரும்பு, டயருன்னு ஏதோ தேறும். அந்தக் காசு யாருக்குப் போகணும்? வண்டிக்காரனுக்கு. இங்க வண்டி உன்னோடது, அடிபட்டது உனக்கு, தேறினது அடுத்தவனுக்கு. அப்ப உன் கணக்குல இதோட மதிப்பு என்ன?"

சுபி கார்டின் ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டிருந்தாள்.

"பூஜ்யம்" என்று நானே சொன்னேன்.

கல்லாவில் இருந்த பெர்னார்டு குறுக்கே வந்தான். "சார், அது இரட்டையருக்குன்னே போட்ட கார்டு. ரெண்டு பேரையும் சேத்துவெச்சுப் பாக்கணும்."

"தம்பி, நான் வண்டிக்காரனுக்கு ரிப்போர்ட் எழுதறவன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு இல்ல" என்றேன். அவன் சிரித்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போய்விட்டான். எல்லாருக்கும் கேட்கும்படி நியாயம் சொன்னால் ஜனங்கள் இப்படித்தான் நழுவுவார்கள்.

"அது சும்மா சாகலப்பா" என்றாள் சுபி.

நான் மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். விளக்கத்துக்கு நான் சலித்ததே இல்லை சார். என்னை அந்த விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நாங்கள் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தோம். எப்படி என்று கேளுங்கள். என் கை ராசி. தற்பெருமை இல்லை, கடையில் எல்லாரும் சொல்வார்கள். ஆட்டம் பாதிக்கு மேல் போனால் மற்றவர்கள் கையில் கார்டு தீர்ந்துபோய், ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுத் திணறுவார்கள். என் கை மட்டும் காலியானதே இல்லை. அவள் அந்த உள்ளானைக் கொண்டுபோய் எதிராளியின் முதலை முன்னால் நிறுத்துவாள். அது போய்ச் சேரும். 'அப்பா, எடுங்க' என்பாள். எரிச்சலோடு ஒரு கார்டை எடுப்பேன். பார்த்தால் திமிங்கிலம்! இன்னொரு உள்ளான் போகும். எரிச்சலோடு எடுப்பேன். பார்த்தால் சுறாக்கூட்டம்! அவள் செய்கிற சேதத்தையெல்லாம் என் ராசி ஈடுகட்டிக்கொண்டே வந்தது. திமிங்கிலத்தை இறக்கும்போது கடையே எழுந்து நின்று பார்க்கும். நான் சுபியைப் பார்ப்பேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். தன் பக்கம் களத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்கிற கவலையே அவளுக்கு இருந்ததில்லை.

ராசியை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது, சொல்லுங்கள். ஒரு பொறுப்புள்ள அப்பா என்ன செய்ய வேண்டும்?

போன வருஷம் வட்டாரப் போட்டி வந்தது. காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய கட்டைப் பிரித்தேன். உள்ளான் எல்லாவற்றையும் உருவினேன். அவற்றின் பிளாஸ்டிக் உறையிலேயே நண்டுகளைச் செருகினேன். பின்னாலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சொந்தக் கட்டில், போட்டிக்கு முன்னால் மாற்றிக்கொள்ளச் சட்டம் இருக்கிறது, நான் ஒன்றும் திருட்டுத்தனம் செய்யவில்லை. அவளிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொன்னால் விவாதம் வரும், பஸ் போய்விடும். நல்ல டயரை மாட்டிவிட்ட பிறகு ஓட்டுகிறவனுக்கே தெரியும் என்று நினைத்தேன்.

அரையிறுதியில் எங்களுக்கு எதிரே குளித்தலையிலிருந்து வந்த அத்தையும் மருமகளும். அத்தை பேர் விசாலம், பேங்கில் கேஷியர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, நோட்டுக் கட்டைப் பிரிப்பதுபோல் கார்டைப் பிரிப்பார். அவர்களை நாங்கள் முன்பு ஒரு தடவை ஜெயித்திருக்கிறோம்.

சுபி முதல் கார்டை எடுத்துப் பார்த்தாள். நண்டு. அடுத்தது எடுத்தாள். நண்டு. அவள் என் பக்கம் திரும்பினாள். பேசக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே, நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவள் முழங்கை என் மேல் படவில்லை. ஆனால் நண்டைப் பாருங்கள் சார், நின்றது! அடி வாங்கிக்கொண்டு மலை மாதிரி நின்றது. நான் சொன்னது சொன்னபடி நடந்தது.

தோற்றோம். அது வேறு விஷயம். அன்றைக்குப் பார்த்து என் ராசி என்னைக் கைவிட்டது. பாதி ஆட்டத்திலேயே கை காலி. எட்டுச் சுடர் வெட்டியாகக் கிடக்கிறது, போட என்னிடம் ஒரு கார்டு இல்லை. ஒவ்வொரு முறையும் ஒன்று எடுத்தேன், ஒன்று போட்டேன், எல்லாம் சில்லறை. திமிங்கிலம் கட்டுக்கு அடியில் எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு வறட்சி வந்ததே இல்லை. இதற்கு நண்டு என்ன செய்யும்?

ஆட்டம் முடிந்ததும் அந்த விசாலம் அத்தை எழுந்து வந்து சுபியின் கன்னத்தைத் தட்டினார். "எங்கடி கண்ணு உன் உள்ளான்? அது வந்துடப் போகுதுன்னு கடைசிவரைக்கும் வயித்தில நெருப்பக் கட்டிக்கிட்டு ஆடினோம்."

"இன்னிக்கு இல்ல ஆன்ட்டி."

"ஏன் எடுத்த?"

நான் குறுக்கிட்டேன். "நான்தாம்மா மாத்தினேன். நண்டு பெட்டர்."

அந்த அம்மாள் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஓ, நீங்களா? ரொம்ப தேங்க்ஸுங்க" என்றார். ஜெயித்தவர்களுக்கு இந்தக் குத்தல் தேவையா, நீங்களே சொல்லுங்கள்.

பஸ்ஸில் சுபி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். முசிறி தாண்டியதும், வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, உள்ளான் செத்தா யாருக்கு கார்டு?"

"இதையே எத்தன தடவ கேப்ப? கூட்டாளிக்கு."

"எனக்குக் கூட்டாளி யாரு?"

"யாரா இருந்தா என்ன? உனக்கு அதனால என்ன லாபம்? அதத்தானே நான் அன்னிக்கே..."

அவள் ஜன்னல் கண்ணாடியை மூடிவிட்டாள். காற்று அடிக்கிறதோ என்று நினைத்து, நான் சத்தமாகவே திரும்பவும் சொன்னேன். முன் சீட்டில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு மூன்றாம் மனிதருக்குப் புரிகிறது, பெற்ற பிள்ளைக்குப் புரியவில்லை.

வீட்டில் என் மனைவி ரேணுகா இருக்கிறாளே, அவளுக்கு இந்த ஆட்டத்தில் திமிங்கிலம் எது, தேங்காய் மூடி எது என்று தெரியாது. சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஏங்க, நீங்க புள்ளகூட வெளையாடப் போறீங்களா, இல்ல புள்ளய சர்வே பண்ணப் போறீங்களா?" என்றாள்.

"வெளையாட்டுலயும் ஒரு மொற வேணுமில்ல?"

"அவ உங்களுக்காக எதையோ பண்றா, நீங்க அதையே நொட்ட சொல்லிட்டு இருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"எனக்காக என்ன பண்றா? சொல்லச் சொல்லு."

"அதயும் அவளே சொல்லணுமா?" என்றாள். ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். பெண்கள் பாதியில் விட்டுவிட்டுப் போகிற வாக்கியத்தை முடித்து வைக்க என்னால் ஆகாது சார். எனக்கு எதுவும் எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சுபி உள்ளானைத் தன் கட்டில் திரும்ப வைத்துக்கொண்டாள், நானும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். பெர்னார்டு கடையில் சொன்னேன். ஸ்கூட்டரில் போகும்போது சொன்னேன். அவள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போதுகூட, தமாஷாகத்தான், "பன்னண்டு வயசாச்சு, இனியாவது அந்தக் குருவிய விடு" என்றேன். வந்திருந்த பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். அவள் மட்டும் கேக்கை எல்லாருக்கும் ஒரே அளவாக வெட்டுவதில் மும்முரமாக இருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்த விடுகதையை எனக்குப் போட்டாள். நான் 'வீண்செலவு' என்றேன். "தப்பு. யோசிச்சு இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். எனக்கு அப்போது துவாக்குடியிலிருந்து ஒரு கிளெய்ம் போன் வந்துவிட்டது. பேசி முடித்து வந்து பார்த்தால் அவள் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். விடையைக்கூட நானாகத்தான் பிற்பாடு கண்டுபிடித்தேன்.

நான் என்ன தப்பு சொல்லிவிட்டேன் சார்? ஒரு பொருள் தேறாது என்றால் தேறாது என்று சொல்வது தப்பா? உங்கள் பையன் உதவாத ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுதால் நீங்கள் பார்த்துக்கொண்டு இருப்பீர்களா? என்ன, யோசிக்கிறீர்கள்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் பாருங்கள், விடாமல் சொன்னால் பலன் இருக்கிறது. இன்று காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வருகிறேன், அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்து வைத்திருக்கிறாள். உள்ளான் எல்லாவற்றையும் அவளே எடுத்து ஒரு பக்கம் அடுக்கியிருக்கிறாள். நண்டுகளை உறையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்! இரண்டு வருஷப் போராட்டம்.

"என்ன சுபி, ஞானோதயமா?" என்றேன்.

"இனிமே இது வேணாம்பா. நீங்க சொன்னது சரிதான்."

"அப்படிச் சொல்லு!"

"இது விழுந்தா கார்டு எடுக்க ஆள் இல்ல. நண்டுதான் பெட்டர்."

"அதத்தானே நானும் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்!" என்றேன். ரேணுகாவைக் கூப்பிட்டுக்கூடச் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், சுபியைப் பார்த்தாள், மறுபடி உள்ளே போனாள். நான் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டேன். என் கட்டை இரண்டு தடவை கலைத்து அடுக்கினேன். அவளிடம் நண்டு, என்னிடம் திமிங்கிலம். இந்த வருஷம் எங்களை யாரும் அசைக்க முடியாது என்று ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன்.

அதோ அந்த வாசல் பக்கத்து மேசையில்தான் பேர் பதிந்தார்கள். வரிசையில் அவள் முன்னால், நான் பின்னால். இரட்டையர் என்றால் இரண்டு பேருடைய அடையாள அட்டையும் கேட்பார்கள், என்னுடையதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் தயாராக வைத்திருந்தேன். மேசையில் இருந்த பெண் அவளிடம், ஒற்றையரா இரட்டையரா என்று கேட்டாள்.

ஒற்றையர் என்றாள்.